உறைப்புக்குச் சாட்சி

கெலிபியா துறைமுகத்துக்குப் பின்புறம், வலை காயப்போடும் சுவரை ஒட்டிய சந்தில் நஸீஹாவின் வீடு இருந்தது. வெயில் ஏறத் தொடங்கியதும் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவிடுவாள். மீனைச் சுட்டு வைத்துவிட்டுப் படகுக்காரர்கள் அவரவர் தட்டோடு வந்து நிற்பார்கள். மிளகாயும் தக்காளியும் வெங்காயமும் பூண்டும் தணலில் சுட்டு, தோலுரித்து, இடித்து, வெந்த வெள்ளை பீன்ஸைப் போட்டுப் புரட்டி, ஆலிவ் எண்ணெய் மிதக்க அவள் அள்ளிக் கொடுக்கும் சாலட் இல்லாவிட்டால் அவர்களுக்கு மீன் தொண்டையில் இறங்காது.

அவளுடைய குஸ்குஸ் ரவைச் சோறு சுமார்தான். மீன் குழம்பை அவளைவிட நன்றாக வைப்பவர்கள் அந்தச் சந்திலேயே இருந்தார்கள். ஆனால் இந்த சாலட்டில் அவளை யாரும் நெருங்கியதில்லை. அதற்குக் காரணம் கைமணம் இல்லை, கோபம். கோபத்தில் சமைப்பது ருசியாக இருந்துவிடும் என்றில்லை. ஆனால் கவனமாக இருக்கும். கோடைக்குக் கோடை மிளகாயின் உறைப்பைக் கூட்டிக்கொண்டே போனாள். புதிதாக வந்த கடலோரக் காவல்காரர் ஒருவர் ஒரு வாய் தின்றுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அப்படி ஒரு நெருப்பு.

அப்படிப்பட்டவளை ஊர் அழைத்த பெயர் ‘சப்பை’.

நேரில் யாரும் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவள் சப்பைதான். அந்தப் பெயரை வைத்தது அவளுடைய புருஷன் லமீன்.

கெலிபியாவில் பெண்டாட்டியின் மனசை மிளகாயில்தான் அளப்பார்கள். சாப்பாடு உறைத்தால் அவளுக்குப் புருஷன்மேல் ஆசை இருக்கிறது. உறைப்பு குறைந்தால் ஆசை ஆறிக்கொண்டு வருகிறது. எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வது இது. சிரித்துக்கொண்டே சொல்வதால் யாரும் மறுத்துப் பேசியதுமில்லை. லமீன் கடல் தாண்டி மார்ஸேய் நகருக்குப் போகத் தீர்மானித்தபோது அங்கே ஒரு சலவைக்கடைக்காரி அவனுக்காகக் காத்திருந்தாள். அதை ஊருக்குச் சொல்ல முடியாது. விட்டுப் போகிறவனுக்கு ஒரு காரணம் வேண்டும். அதை அவன் கமைஸின் காப்பிக்கடையில் உட்கார்ந்து, கோப்பையைப் பார்த்தபடி, வருத்தமான குரலில் சொன்னான்.

“என்னத்தச் சொல்ல. ஒரு வருஷமா அவ பண்ற சாலட்டுல பீன்ஸ் ஏறுது, மிளகா இறங்குது. சப்பையா இருக்கு. புரிஞ்சுக்க வேண்டியதுதான்.”

பீன்ஸ் விஷயம் உண்மை. கெலிபியாவில் இந்த சாலட்டில் யாரும் பீன்ஸ் போடுவதில்லை. நஸீஹாவின் தாய் மலைப்பக்கத்து ஹவாரியாக்காரி. அந்த வீட்டு வழக்கம் இவளோடு வந்தது. பீன்ஸ் உறைப்பைக் குடித்துவிடும் என்று தெரிந்து, மிளகாயைக் கூட்டித்தான் போடுவாள். ஆனால் கேட்டவர்களுக்குப் பீன்ஸ் உண்மை என்பதே போதுமானதாக இருந்தது. ஒரு உண்மையின் தோளில் கைபோட்டுக்கொண்டு வரும் பொய்யை யாரும் வாசலில் நிறுத்தி விசாரிப்பதில்லை.

லமீன் போனான். அடுத்த வருஷம் வக்கீல் மூலமாக விவாகரத்து ஆனது. அவனைப் பழித்தவர்கள் இல்லை. “பாவம், ஆசை இல்லாத வீட்டுல எப்படி இருப்பான்?” என்றார்கள். கல்யாண வீடுகளில் அவளைச் சமையலுக்குக் கூப்பிடுவது நின்றது; சப்பைக் கை மணமக்களுக்கு ஆகாது என்று கிழவிகள் சொன்னார்கள்.

அப்போதுதான் அவள் ஜன்னலைத் திறந்தாள். நிரூபித்துவிடலாம் என்று நம்பினாள். ஊரே கண்ணீர் வடித்துக்கொண்டு தின்றது. தின்றுவிட்டு, “சப்பையோட சாலட்டு இன்னிக்கு நெருப்புடா” என்று சொல்லிக்கொண்டு போனது. பெயர் என்பது நம்பிக்கையில் நிற்பது இல்லை, பழக்கத்தில் நிற்பது என்று அவளுக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. சாட்சியம் எவ்வளவு கொடுத்தாலும் பழக்கத்துக்குக் காது கிடையாது. தெரிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. மிளகாயை உரலில் போட்டு இடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் யாரை இடிக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு ஆவணி வெயிலில் லமீனின் அக்கா ஷெத்லியா ஒரு தட்டு அத்திப்பழத்தோடு வாசலில் வந்து நின்றாள். விவாகரத்துக்குப் பிறகு அந்தப் படியை அவள் மிதித்தது அதுதான் முதல் தடவை.

“என்ன நஸீஹா, அடுப்பு மூட்டலையா?”

“மூட்டற நேரந்தான். உக்காருங்க மதினி.”

உறவு கோர்ட்டில் அறுந்துபோயிருந்தாலும் வாய் அதை அறுத்துக்கொள்ளவில்லை.

“லமீன் வந்திருக்கான்” என்றாள் ஷெத்லியா.

“சொல்லிக்கிட்டாங்க.”

“இனிமே திரும்பிப் போறதா இல்ல. அந்த மார்ஸேய்க்காரி இவன் துணிமணிய மூட்டை கட்டி வாசல்ல வெச்சிட்டாளாம்.”

“சலவைக்காரிதான, நல்லா தேச்சு மடிச்சுதான் வெச்சிருப்பா.”

ஷெத்லியா அதை விழுங்கிக்கொண்டாள். வந்த காரியம் பெரிது. “வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு நம்ம வீட்டுல சாப்பாடு. கமைஸு, அந்தக் காலத்து ஆளுங்க எல்லாரும் வராங்க. நீ வந்து உன் கையால அந்த சாலட்ட பண்ணிக் குடுத்தா நாலு பேரு பாப்பாங்க. இவளுக்குக் கோபம் தீந்துடுச்சுன்னு தெரிஞ்சுக்குவாங்க. அப்புறம் பேசி முடிச்சிடலாம்.”

“எத?”

“என்ன எதன்னு கேக்குற. உனக்குந்தான் வயசாகுது. முடியாம படுத்தா ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆளு வேண்டாமா?”

நஸீஹா அத்திப்பழம் ஒன்றை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். “வரேன்” என்றாள்.

ஷெத்லியா கெஞ்சுவதற்கு இன்னும் நிறையத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தாள். “வரியா?”

“மிளகா நானே வாங்கிட்டு வரேன். நீங்க கரிய மட்டும் பாத்து வையுங்க.”

அவள் போன பிறகு நஸீஹா வெகுநேரம் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வழக்கமான உறைப்போடு செய்துவைத்தால் என்ன ஆகும்? இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இவள் ஆசை ஆறவில்லை பார் என்பார்கள். மறுநாளே லமீன் மூட்டையோடு இங்கே வந்து நிற்பான். போகாமலே இருந்தால்? இன்னும் புண் ஆறாமல் கிடக்கிறாள் என்பார்கள். எதைச் செய்தாலும் அது அவனுக்குச் சாதகமாகவே பேசும். அந்த ஊரில் மிளகாய்க்கு இருந்த அகராதி அப்படி.

மீதம் இருந்தது ஒன்றுதான். ஒரு துளி உறைப்பு இல்லாத சாலட். உன்மேல் எனக்கு ஒன்றுமில்லை என்று, கமைஸ் முன்னால், அந்த ஆட்கள் முன்னால், அவர்களுடைய பாஷையிலேயே சொல்வது. அவன் உடனே, ‘பாத்தீங்களா, அன்னிக்கே சொன்னேன்ல?’ என்பான். சொல்லட்டும். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. “அன்னிக்கு நீ சொன்னது பொய். இன்னிக்குத்தான் நெசம்.”

அந்த ‘நீ’தான் கஷ்டமாக இருந்தது. அவனை அவள் ‘நீங்க’ என்றல்லாமல் அழைத்ததில்லை. பாத்திரம் கழுவும்போதும் பீன்ஸை ஊறப்போடும்போதும் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வாய் பழகியதும் அதில் ஒரு ருசி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை சந்தையில் மிளகாய்க்காரன் ஹம்மாதி அவளைப் பார்த்ததும் கூடையை முன்னால் தள்ளினான். “அக்கா, இன்னிக்கு வந்த சரக்கு. தொட்டாலே கை எரியும்.”

“இனிப்பு மிளகா குடு.”

ஹம்மாதி காதைச் சொறிந்தான். “யாருக்கு உடம்புக்கு முடியல?”

“யாருக்கும் இல்ல.”

“அப்ப யாரு செத்தா?”

“இன்னும் சாகல. குடுடா.”

இனிப்பு மிளகாய்க் குவியலில் கார மிளகாய் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான். அவள் அங்கேயே நின்று ஒவ்வொன்றின் காம்பையும் ஒடித்து, மோந்து, நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள். உறைத்ததைத் தூக்கி அவன் கூடையிலேயே போட்டாள்.

ஷெத்லியா வீட்டுப் பின்கட்டில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கும்மட்டி அடுப்பு தயாராக இருந்தது. நஸீஹா தணலைப் பரத்தி மிளகாய்களை அடுக்கினாள். ஒருபக்கம் கருகி வெடித்ததும் விரலாலேயே புரட்டினாள். பிறகு தக்காளி, தோலோடு வெங்காயம், பல் பிரிக்காத பூண்டு. சுட்ட மிளகாயைப் பாத்திரத்தில் போட்டு மூடிவைத்தால் அது தன் ஆவியிலேயே வெந்து தோல் கழன்று நிற்கும். ஷெத்லியா வந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னடி, மிளகா சுட்டா ஊரே இருமும். எனக்குக் கண்ணே எரியலையே.”

“காத்து அந்தப் பக்கம் போகுது மதினி.”

“தோலக் கழுவ வாளித் தண்ணி வைக்கட்டுமா?”

“தண்ணி பட்டா புகை வாசம் போயிடும். நீங்க போய் மீனப் பாருங்க.”

கருந்தோலைக் கையால் உரித்தாள். உரலில் முதலில் பூண்டும் உப்பும், கொத்தமல்லி விதையும் சீமைச் சோம்பும், பிறகு மிளகாய், கடைசியில் தக்காளி. கூழாக்கிவிடாமல், பல்லில் படுகிற மாதிரி இடித்தாள். வீட்டிலிருந்து வேகவைத்துக் கொண்டுவந்த பீன்ஸைப் போட்டுப் புரட்டியபோது அது சிவப்பும் பச்சையுமாகப் பளபளத்தது. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. பழி வாங்குவதற்காகச் செய்வதையும் அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வரவில்லை. முட்டையை அரிந்து ஓரத்தில் வைத்து, எண்ணெயைச் சுற்றி ஊற்றினாள்.

தொழுகை முடிந்து ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். லமீன் தடித்திருந்தான். தலைமுடிக்குச் சாயம் பூசியிருந்தான். பக்கத்தில் கமைஸ், எதிரே ஷெத்லியாவின் புருஷன் தாஹர், வயிற்றுப் புண்ணால் பல வருஷமாக மிளகாய்ப் பக்கமே போகாதவர், சுற்றிலும் பழைய படகுக்காரர்கள் சிலர். நஸீஹா தட்டை நடுவில் வைத்துவிட்டு உள்ளே போகாமல் வாசல்நிலையில் சாய்ந்து நின்றாள். நாக்கில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது.

“விருந்தாளி முதல்ல எடுக்கட்டும்” என்றார் தாஹர்.

லமீன் ரொட்டியைக் கிள்ளித் தோய்த்தான். வாயில் போட்டதும் கண்ணை இறுக மூடினான். உதட்டைக் குவித்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்றை இழுத்தான். கைக்குட்டையை எடுத்து நெற்றியையும் கழுத்தையும் துடைத்து, கையால் வாய்க்கு விசிறிக்கொண்டான்.

“அல்லா. தண்ணி குடு, தண்ணி குடு. அதே நெருப்பு” என்றான், அவள் பக்கம் பார்த்து, கண்ணைச் சிமிட்டி. “நான் கெலிபியாவ விட்டுப் போன அன்னிக்கு மத்தியானம் கடைசியா சாப்பிட்டனே, அதே உறைப்பு. இவ கை மாறவே இல்ல.”

சமைத்தவளை மகிழ்விக்க ஆண்கள் செய்வதுதான் இது. உறைக்காவிட்டாலும் கொஞ்சம் ஊதிக்கொள்வது மரியாதை. அவன் அந்த மரியாதையை நாக்கில் படுவதற்கு முன்பே செய்து முடித்துவிட்டான்.

நஸீஹாவுக்கு முதலில் வந்தது ஏமாற்றம். இத்தனை நாள் தீட்டிவைத்த வாக்கியத்தைச் சொல்ல இடமில்லாமல் போய்விட்டது. அவள் கொடுத்த அடி அவன்மேல் படவே இல்லை. பழி வாங்குவதும் ஒருவகைப் பேச்சு. எதிராளிக்குக் காது கேட்கவில்லை என்றால் அது வெறும் வாயசைப்பு. அவள் உள்ளே திரும்பிவிட இருந்தாள்.

அதற்குள் கமைஸ் ஒரு வாய் எடுத்திருந்தார். மென்றார். நிறுத்தினார். இன்னொரு வாய் எடுத்தார். ரொட்டித் துண்டால் தட்டைக் கிளறி மிளகாய் இருக்கிறதா என்று தேடினார்.

“லமீன், என்ன சொன்ன?”

“எதுக்கு?”

“அதே உறைப்புன்னு சொன்ன?”

“அதேதாண்ணே. வாய் எரியுது பாருங்க.”

“போன அன்னிக்கு சாப்பிட்டதும் இதே மாதிரி?”

“சத்தியமா. அதுக்கும் இதுக்கும் இம்மி வித்தியாசம் இல்ல.”

மற்றவர்களும் இப்போது மென்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் தண்ணீர்ச் செம்பைத் தொடவில்லை. வயிற்றுப் புண்காரர் தாஹர் மூன்றாவது தடவையாகத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார், முகம் பூராவும் சந்தோஷம். ஒவ்வொருவராக அவரைப் பார்த்தார்கள்.

கமைஸ் வாசல் பக்கம் திரும்பினார். “நஸீஹா, என்ன மிளகாம்மா போட்ட?”

“இனிப்பு மிளகா.”

“காரம்?”

“ஒண்ணு கூட இல்ல. ஒவ்வொண்ணா நாக்குல வெச்சுப் பாத்துதான் வாங்கினேன்.”

லமீனின் கையில் கைக்குட்டை இன்னும் இருந்தது.

“வெயில்ல நடந்து வந்தது... நாக்கு...” என்றான் அவன்.

“நாக்கா?” என்றார் கமைஸ். “என் கடையில உக்காந்து சப்பைன்னு சொன்னியே, அதே நாக்குதான இது? கண்ணு கலங்கிச் சொன்ன. நான் காப்பிக்குக் காசு கூட வாங்கல. இப்ப, போன அன்னிக்கு நெருப்புன்னு சத்தியம் பண்ற. நெருப்பு வெச்சவள சப்பைங்கற, சப்பை வெச்சவள நெருப்புங்கற.”

ஒரு படகுக்காரர் ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்றை இழுத்து, கையால் வாய்க்கு விசிறினார். அவ்வளவுதான். சிரிப்பு பந்தலைப் பிய்த்துக்கொண்டு போனது. தாஹர் ரொட்டி புரையேறி இருமினார். இருமலுக்கு நடுவே, “யாராவது லமீனுக்குத் தண்ணி குடுங்க” என்றார்.

“அவ என்ன சொல்ல வந்தாள்னு எங்க எல்லாருக்கும் வாயிலயே புரிஞ்சிடுச்சு” என்றார் கமைஸ். “உனக்குத்தான் இன்னும் புரியல.”

லமீன் மீன் வருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டான். தட்டு காலியானதும் நஸீஹா அதை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். போகும் வழியெல்லாம் சந்தோஷத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள். அதை அவள் மறைக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை.

அந்த ஆட்கள் யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. சிரித்தவர்கள் மன்னிப்புக் கேட்பது அந்த ஊரில் வழக்கமில்லை. அடுத்த ஆளைப் பார்த்துச் சிரிக்கப் போய்விடுவார்கள். ‘சப்பை’ என்ற பெயர் அவளிடமிருந்து கழன்றதும் அப்படித்தான். நியாயத்தால் அல்ல, அதைவிட நல்ல வேடிக்கை ஒன்று கிடைத்ததால். லமீன் காப்பிக்கடைக்குள் காலை வைத்ததும் மூலையில் யாராவது ‘ஸ்ஸ்ஸ்’ என்பார்கள். அவன் தண்ணீர் குடித்தால், “இன்னுமாடா எரியுது?” என்று கேட்பார்கள். சர்க்கரை போட்ட காப்பியை அவன் முன்னால் வைத்துவிட்டு, “உறைப்பு சரியா இருக்கா பாரு” என்பார் கமைஸ்.

சில நாள் கழித்து ஷெத்லியா மறுபடி வந்தாள். இந்தத் தடவை கையில் பழத்தட்டு இல்லை.

“அவன் வீட்ட விட்டு வெளியவே வர மாட்டேங்கறான் நஸீஹா.”

“வெயில் அதிகந்தான்.”

“வெளயாடாத. நீ ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும். ஒரு கார மிளகா தவறி விழுந்திருக்கும், அது அவன் பக்கம் போயிருக்கும்னு கமைஸுகிட்ட சொல்லு. அது நடக்கறதுதான? யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.”

உண்மைதான். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நஸீஹா மிளகாய்த் தோலை உரித்துக்கொண்டே யோசித்தாள். அரை நிமிஷ வேலை. ஒரு மனிதன் தெருவில் நடக்கலாம். தனக்காக அப்படி அரை நிமிஷம் செலவழிக்க மார்ஸேயிலிருந்து இங்கே ஒரு தடவையாவது வந்து போயிருக்கலாம் அவன். ஒரு கடிதத்தில் ஒரு வரி போட்டிருக்கலாம். இந்தப் பெண்மணி இதே ஊரில் இருந்துகொண்டே சொல்லியிருக்கலாம். அவளுக்கு உண்மை தெரியும், அவளும் அந்த சாலட்டைத் தின்றவள்.

“நீங்க அன்னிக்கு யாருகிட்டயாவது சொன்னீங்களா மதினி? நஸீஹா வீட்டு சாலட்டு உறைக்கும்னு?”

ஷெத்லியா தரையைப் பார்த்தாள். “அவன் என் தம்பி.”

“ஒவ்வொண்ணா நாக்குல வெச்சுப் பாத்தேன். அதுல கார மிளகா இல்ல.”

“அவன் ஊர விட்டே போறேங்கறான்.”

“போகட்டும். போற ஆளுக்கு ஒரு காரணம் வேணுமில்ல? இந்தத் தடவ நெசமான காரணமாவே இருக்கு.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஷெத்லியா எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போனாள். அந்த வாரமே லமீன் பஸ் ஏறி ஸூஸ் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். யாரும் வழியனுப்பப் போகவில்லை.

நஸீஹா ஜன்னலைத் திறந்துதான் வைத்திருந்தாள். ஆனால் தட்டை நீட்டியவர்களுக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது. அவளுடைய வயிறு அந்த உறைப்பைத் தாங்குவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. ஊருக்கு நெருப்பை அள்ளிக் கொடுத்துவிட்டு, வெறும் ரொட்டியை எண்ணெயில் தோய்த்துத்தான் அவள் தின்றுவந்தாள். இப்போது தனக்குப் பிடிக்கிற அளவுக்கு, பாதிக்கு மேல் இனிப்பு மிளகாய் போட்டுச் செய்தாள். மத்தியானம் முதல் தட்டைத் தனக்கென்று எடுத்துவைத்துக்கொண்டாள்.

படகிலிருந்து இறங்கி வந்த ஒருவர் ஒரு வாய் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்தார். “என்னக்கா, உறைப்பு குறைஞ்சு போச்சே.”

நஸீஹா தன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. லமீனக் கேளு” என்றாள்.